நானூறு ‘ம்’

பாஸ்க் ஆய்வியலில் முதுகலை படிக்கிறேன் என்றால் மில்பிடாஸில் யாரும் உடனே நம்புவதில்லை. “அது என்ன, புது டேட்டாபேஸா?” என்று கேட்டார் கோயில் பார்க்கிங்கில் ஒரு அங்கிள். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே மலைப்பக்கத்தில் வாழும் ஒரு சனம், அவர்களுக்கென்று ஒரு பழைய மொழி, அவர்களில் பலர் ஆடு மேய்க்க இதே கலிஃபோர்னியாவுக்கு வந்தார்கள் என்று நான் மூச்சு வாங்க விளக்கி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “சரிம்மா, அதுல இன்டர்ன்ஷிப் உண்டா?”

உண்டு. சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலை போய், நாற்பத்து மூன்று வயதில் மறுபடி மாணவியானவளுக்குக் கிடைத்த இன்டர்ன்ஷிப், வயதான ஆட்டிடையர்களின் வாழ்க்கைக் கதையைப் பதிவு செய்வது.

எங்கள் துறை ரொம்பச் சின்னது. ஆறு மாணவர்கள், ஒரு பேராசிரியை, அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு காபி மெஷின். பாஸ்க் மொழியில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும் என்று பேராசிரியை ஏதோ அதிர்ச்சிச் செய்திபோல் சொன்னபோது மற்ற ஐந்து பேரும் திகைத்தார்கள். தமிழும் அப்படித்தானே என்று நான் மட்டும் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிருக்குத்தான் பிறகு அனுபவித்தேன்.

பேட்டி எடுப்பதற்கு ஒரு விதி இருந்தது. கேள்வி கேட்கலாம். அதன்பின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தலையை மட்டும் ஆட்டலாம். பேசுகிறவர் குரலுக்கு நடுவே நம் குரல் விழுந்தால் பல்கலைக்கழக ஒலிக் காப்பகம் அந்தப் பதிவை ஏற்காது. ஏற்காவிட்டால் என் ஆய்வேடு நிற்கும்.

எனக்கு வாய்த்த பெரியவருக்கு எண்பத்தெட்டு வயது. எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இரண்டு மணி நேரம் டிரைவ் பண்ணினால் அவர் வீடு. ஜூனில் மகள் அவரை டெக்சஸுக்குத் தன்னோடு அழைத்துப் போகிறாள் என்பதால் எனக்கு இருந்தது நான்கே வாரம்.

முதல் பதிவைக் கேட்ட பேராசிரியை ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். “உள்ள ஒரு தேனீ இருக்கு” என்றார், ஆங்கிலத்தில்.

தேனீ நான்தான். பெரியவர் ஒரு வரி சொன்னால் நான் ஒரு ‘ம்’. வந்திறங்கினார், ம். மொழி தெரியாது, ம். முதல் நாளே முந்நூறு ஆடுகளைக் கையில் கொடுத்தார்கள், ம்ம்ம். என் மேல் என்ன தப்பு? எங்கள் வீட்டில் போனில் இரண்டு வரிக்கு ஒரு ‘ம்’ கொட்டாவிட்டால் “லைன்ல இருக்கியா?” என்று கேட்பார்கள்.

அடுத்த வாரம் வாய்க்குள் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு போனேன். கேள்வி கேட்டேன், வாயை மூடினேன், பூம்பூம் மாடுபோலத் தலையை ஆட்டினேன். பெரியவர் மூன்று வாக்கியம் பேசினார். என்னைப் பார்த்தார். இன்னும் ஒன்று பேசினார். பிறகு எழுந்து, “உனக்குக் களைப்பா இருக்கு போல. காபி போடறேன்” என்று உள்ளே போய்விட்டார். நான்கு மணி நேர டிரைவுக்கு எனக்குக் கிடைத்தது நான்கு வாக்கியமும் ஒரு காபியும்.

மூன்றாம் வாரம் ஏலக்காயும் வேண்டாம், விதியும் வேண்டாம் என்று போனேன். அன்று அவர் தம்பியைப் பற்றிச் சொன்னார். இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்களாம். முதல் கோடையிலேயே மலை முகாமில் தம்பிக்கு வயிற்றுவலி. கோவேறு கழுதையில் வைத்துக் கீழே இறக்குவதற்குள் முடிந்துவிட்டது.

“அம்மாவுக்குச் சொல்ல மனசு வரல” என்றார். “ரெண்டு வருஷம் அவன் பேர்லயும் நானே லெட்டர் எழுதினேன். அவன் கையெழுத்து கொஞ்சம் சாய்வா இருக்கும். அதே மாதிரி எழுதப் பழகினேன்.”

“ம்” என்றேன்.

மகளுக்குக்கூட இது தெரியாது என்றார்.

வீட்டுக்கு வந்து, என் ‘ம்’களை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டுக் கணவரிடம் பதிவைக் கொடுத்தேன். அவர் ஆடியோ சிப் செய்யும் கம்பெனியில் இருக்கிறார். “இவ்வளவுதானா? ஸ்கிரிப்ட் எழுதி ரிமூவ் பண்ணிடலாம்” என்றவர், சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். “நானூத்துப் பன்னெண்டு ‘ம்’. நான் பேசும்போது இதுல ஒண்ணாவது சொல்லியிருக்கியா நீ?” என்று கேட்டார். அதற்கும் நான் ‘ம்’ சொல்லவில்லை.

பதிவு பளிச்சென்று இருந்தது. காப்பகத்துக்கு அனுப்புமுன் பெரியவர் அதை முழுக்கக் கேட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கடைசி வாரம் மடிக்கணினியோடு போனேன். வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கடித விஷயம் வந்ததும் கண்ணைத் திறந்து ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

“இந்த இடத்துல நீ இருந்தியே. எங்க போன?”

விதியைச் சொன்னேன். காப்பகம், ஆய்வேடு எல்லாம் சொன்னேன். பேசப் பேச எனக்கே வெட்கமாக இருந்தது.

“மலையில வருஷக்கணக்கா இப்படித்தான் பேசிட்டிருந்தேன்” என்றார். “ஆடு பதில் சொல்லாது. இதை நான் உன்கிட்ட சொன்னேன். இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

நல்லவேளை, துடைக்காத பதிவும் மடிக்கணினியில் இருந்தது. அதைப் போட்டேன். முழுதாக இரண்டு மணி நேரம் கேட்டார். கேட்டு முடித்ததும் பேனாவை வாங்கி, நிதானமாக, நேரான எழுத்தில் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை படிவத்தையும் துடைக்காத பதிவையும் பேராசிரியையின் மேசையில் வைத்தேன். “பெரியவர் சம்மதிச்சது இந்தப் பதிவுக்கு மட்டும்தான்” என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஹெட்ஃபோனை மாட்டினார். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தேன். கடிதம் வரும் இடத்தில், மேசையைத் தட்டிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

அந்தப் பகுதி முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு படிவத்தை எடுத்தார். பதிவில் எத்தனை குரல்கள் என்ற இடத்தில் நான் ‘ஒன்று’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு ‘இரண்டு’ என்று எழுதினார்.