பச்சை அட்டை

தறி எண்ணெயும் கஞ்சிப்பசையும் கலந்து மணக்கும் அட்டைகள் அவை. எங்கள் வீட்டு ‘வசனப் பெட்டி’யை அப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பதால், விசைத்தறியிலிருந்து அவர் கையோடு வரும் வாசம் ஒவ்வொரு அட்டையிலும் ஏறியிருந்தது. கையகலப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே விரல் நீளத்தில் பல நிற அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம். காலை ஜெபம் முடிந்ததும் அப்பா கண்ணை மூடி ஒன்றை உருவி, வாசித்து, மறுபடி செருகிவிடுவார். வேலை மாறுவதா, பெருந்துறைக்குக் குடிபோவதா, எல்லாவற்றுக்கும் அதுதான் உத்தரவு. எனக்கு அந்த அலமாரிப் பக்கம் போகவே பயம். பெட்டிக்குள்ளிருந்து யாரோ பார்ப்பதாகத் தோன்றும்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதானபோது, தம்பி சாமுவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் அவன் கண்ணையே திறக்கவில்லை.

“ஏனுங்க, ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயரலாமுங்க” என்று அம்மா அழுதாள். அப்பா பெட்டியைத் திறந்தார். காத்திருக்கச் சொல்லும் வசனம் வந்தது.

“ஆண்டவரு சொல்லாம நாம ஒரு எட்டு எடுத்து வெக்கப்படாது மேரி” என்றார்.

அப்பா சாப்பிடாமல் தறிக்குப் போனார். அம்மா தம்பியின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை எடுத்து, காத்திருக்கச் சொல்லும் அட்டைகளாகத் தேடி ஏழு அட்டைகளை உருவி, என் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்தேன். கடவுளின் வாயைப் பொத்துகிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாள் காலை அப்பா ஒரு பச்சை அட்டையை உருவி வெகுநேரம் பார்த்தார். “எந்திரிச்சுப் போன்னு சொல்றாரு. கெளம்பு மேரி” என்றவர், அதைப் பெட்டியில் செருகாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தம்பியை வாரித் தோளில் சாய்த்தார்.

சாமு பிழைத்தான். ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல முதல் ஆளாக எழும் அப்பா, அடுத்த ஞாயிறு சபையில் தலையைக்கூடத் தூக்கவில்லை. என் திருட்டு தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் எத்தனையோ வருடம், இடி இடித்தாலும் சாமு சைக்கிளிலிருந்து விழுந்தாலும், தண்டனை வந்துவிட்டதென்று போர்வைக்குள் சுருண்டுகொள்வேன். அட்டைகளைத் திருப்பி வைக்கவும் துணியவில்லை, தூக்கியெறியவும் துணியவில்லை.

இப்போது துடியலூரில் எங்கள் வீட்டுக்கு வசனம் செல்போனில் வருகிறது. அந்தப் பெட்டி எங்கே போனதென்று யாருக்கும் நினைவில்லை. போன மாதம் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து அவருடைய வேதாகமத்தைப் பிரித்தபோது, உறைக்குள்ளிருந்து அந்தப் பச்சை அட்டை விழுந்தது. நான் கவனிக்காமல் விட்ட எட்டாவது அட்டை. அதிலும் காத்திருக்கத்தான் சொல்லியிருந்தது.

பின்பக்கம் பென்சிலால் அப்பா எழுதியிருந்தார். ஜெபத்தில் வேதத் தமிழ் தவிர வேறு பேசாதவர், தறி முதலாளியிடம் கெஞ்சுவதுபோல எழுதியிருந்தார்: “ஆண்டவரே, புள்ள போயிருவான்னு பயந்துபோட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க.”

முகர்ந்து பார்த்தேன், எண்ணெய் வாசம் இல்லை. ஒளித்துவைத்த ஏழு அட்டைகளையும் கொண்டுவந்து அதனோடு சேர்த்து உறைக்குள் வைத்தபோது, கல்லறையில் வராத அழுகை வந்தது.