ஊத்துக்கோட்டையில் மட்டும் உயிரோடு

என் சித்தப்பா செத்துப்போன பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம் ஊத்துக்கோட்டையில் வேலை பார்த்தார். திருவள்ளூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் அவருக்குப் பாடை கட்டினார்கள், கருமாதி செய்தார்கள், எல்லாம் ஆயிற்று. ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் மட்டும் அவர் சாகவில்லை.

அவர் மருந்தாளுநர். அந்தக் காலத்தில் கம்பவுண்டர் என்றுதான் சொல்வார்கள். பதிவு பெற்ற ஒருவர் இருந்தால்தான் மருந்துக்கடைக்கு லைசென்ஸ். அவருடைய பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். சித்தப்பாவின் சான்றிதழ், ஓரத்தில் ஒட்டிய போட்டோவோடு, முதலாளியின் தலைக்கு மேல் தொங்கியது. வாரம் முழுக்கக் கடையின் பின்னறையில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வீட்டுக்கு வருவார். அம்மா அப்பா இல்லாத என்னை அவரும் சித்தியும்தான் வளர்த்தார்கள்.

பள்ளிக்கூட லீவில் நானும் அந்தக் கடையில் இருந்திருக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் வந்தவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் சித்தப்பா சில மருந்துகளைத் தரமாட்டார். தனக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் அன்றைக்கு மிக்சர் மருந்து கலக்க மாட்டார். தராசைத் துணி போட்டு மூடிவிட்டு உட்கார்ந்துகொள்வார். முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“நீ இன்னா கோயில் ஐயரா நைனா, தீட்டுப் பாத்துக்கினு குந்திக்கினுகீறே?”

“ஐயரு தப்பா மந்திரம் சொன்னா சாமி பொறுத்துக்கும் மொதலாளி. நான் தப்பா நிறுத்தா கொழந்த பொறுத்துக்காது.”

அப்படிப்பட்ட மனிதரை ஒரு மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை கொண்டுபோயிற்று. ஆயுசெல்லாம் மருந்து நிறுத்தவருக்குக் கடைசியில் வாய்த்தது அடுத்த வீட்டுக்காரர்கள் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லிதான்.

காரியம் முடிந்த மறுநாள் முதலாளி வந்தார். சித்தி அவரிடம் கேட்டது ஒன்றுதான். சட்டத்தில் இருக்கிற போட்டோ வேண்டும். வேறு போட்டோ சித்தப்பா எடுத்துக்கொண்டதே இல்லை. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நீ எனக்குத் தங்கச்சி மாதிரிம்மா. அது அங்கியே மாட்டிக்கினு இருக்கட்டும். மாசாமாசம் வந்து டப்பு வாங்கிக்கினு போ. யாரு கேட்டாலும் காய்ச்சல், ஊட்ல கீறாருன்னு சொல்லிடு.” எழுந்தவர் வாசலில் நின்று, சித்தியின் வெறும் நெற்றியைப் பார்க்காமல் சொன்னார்: “வரச்சே இப்டி வராதம்மா. பாக்கறவன் இன்னா ஏதுன்னு கேப்பான்.”

சித்தியிடம் வேறு வழி எதுவும் இல்லை. எங்கள் இரண்டு வயிறும் அந்தச் சட்டத்தில்தான் தொங்கின.

மாதம் ஒரு முறை என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். ஆரணியாற்றுத் தரைப்பாலம் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குங்குமம் வைத்துக்கொள்வாள். மடியிலிருந்து கனகாம்பரத்தை எடுத்துத் தலையில் செருகுவாள். திரும்பும்போது அதே பாலத்தில் பூவை ஆற்றில் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். ஊத்துக்கோட்டையில் என் பழைய சித்தி கிடைப்பாள் என்பதால் எனக்கு அந்த நாள் திருநாள். கடையில் கை நிறையப் பெப்பர்மிண்டும் கிடைக்கும். எல்லா நாளும் ஊத்துக்கோட்டையாகவே இருந்தால் என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

சித்தப்பாவின் இடத்தில், மளிகைக்கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த ஓர் ஆள் நின்றான். அவன் தராசைத் தொடுவதில்லை. எல்லாம் கண்ணளவு. சீட்டைப் பற்றி யாரையும் கேட்பதும் இல்லை. அவன் மருந்து ஊற்றும்போதெல்லாம் சித்தி தெருப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

புரட்டாசியில் ஒரு நாள் நாங்கள் போனபோது கடைக்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடைகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர். எங்களைப் பார்த்ததும் முதலாளிக்கு மூச்சு வந்தது.

“தோ, அவரு சம்சாரமே வந்துட்டாங்க. நீங்களே கேளுங்க சார்.”

“எங்கம்மா, கம்பவுண்டரைக் காணோம்?”

“காய்ச்சல் சார். ஊட்ல படுத்துக்கினுகீறாரு,” என்றாள் சித்தி.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். “காய்ச்சல்னா வரமாட்டாரே! தராசுக்குத் துணி போட்டு மூடிடுவாரே மனுஷன்.” பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “மத்தக் கடைங்கள்ல ஒவ்வொரு புட்டியா எடுத்துப் பாப்பேன்மா. இங்க அலமாரியத் தொறக்கறதே இல்ல. அவரு நிக்கற கடையில எனக்கு என்ன வேலை?”

அவர் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரமாகக் கைக்குழந்தையோடு காத்திருந்த ஒரு பெண், “சீக்கிரம் குடு நைனா, புள்ள வாந்தி எடுத்துக்கினே கீது,” என்றாள். மளிகைக்கடை ஆள் பெரிய புட்டியைச் சாய்த்துச் சின்னப் புட்டியில் குத்துமதிப்பாக ஊற்றினான். அன்றைக்குச் சித்தி தெருப்பக்கம் திரும்பவில்லை.

“சார்,” என்றாள். “அந்த மருந்த வாங்கிப் பாருங்க சார். அவரு கலந்ததில்ல. அவரு இல்ல சார். போன ஐப்பசிலயே போயிட்டாரு.”

முதலாளி குதித்தார். “புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? நாளைக்கு இன்னாத்த துன்னுவே? இந்தப் பையனுக்கு இன்னாத்தப் போடுவே?”

இன்ஸ்பெக்டர் அவள் நெற்றியையும் பூவையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணின் கையிலிருந்து புட்டியை வாங்கிவைத்துக்கொண்டு, குழந்தையை உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொன்னார். பிறகு சட்டத்தைக் கழற்றச் சொன்னார். சான்றிதழ் ஆபீசுக்குப் போயாக வேண்டுமாம். சித்தி போட்டோவை மட்டும் கேட்டாள். அவர் கண்ணாடியை எடுத்துவிட்டு நகத்தால் மெல்லக் கீறி உரித்தார். பசை கெட்டியாக இருந்ததால் சித்தப்பாவின் ஒரு காது தாளோடு போய்விட்டது.

“நீங்க மொதல்ல காய்ச்சல்னு சொன்னது என் காதுல விழல. கெளம்புங்கம்மா,” என்றார்.

கடை மூடப்பட்டது. சித்தி அரிசி மில்லில் நெல் காயவைக்கப் போனாள். என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பிற்பாடு லாரியில் கிளீனராக ஓடினேன், உப்பளத்தில் உப்பு வாரினேன், கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் எழும்பிய நாளில் செங்கல் சுமந்தேன். எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. அதற்கெல்லாம் அந்த நாள்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். சும்மா நடந்த வரிசையைச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் ஊத்துக்கோட்டைக்குப் போகிற நாள் வந்தபோது நான் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். சித்தி மில்லுக்குப் போகத் தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் அங்கே போவதில்லை என்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“அந்த சார்தான் நம்பிட்டாரே. நீ பேசாம இருந்திருக்கலாமில்ல?”

சித்தி தலைத்துணியை இறுக்கி முடிந்தாள்.

“இருந்திருக்கலாம்டா கண்ணு,” என்றாள்.

சித்தி தன் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து, ஜெயித்த திருப்தியோடு நான் கோலி விளையாடப் போனேன்.