காயாத கோட்டிங்

1. பானட்டில் புள்ளி

ஷட்டரைப் பாதி தூக்கும்போதே வெளியே இரண்டு கால் நிற்பது தெரிந்தது. காலை எட்டரைக்கு எந்தக் கஸ்டமரும் வரமாட்டார். வந்தால் நல்ல சேதியாக இருக்காது.

நின்றிருந்தவர் லாரன்ஸ் அண்ணன். ராயபுரத்துக்காரர். ஹார்பரில் முப்பது வருஷம் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமைதான் எங்கள் ஷோரூமில் கருநீலத்தில் புது கார் எடுத்திருந்தார். அதற்குப் பெயிண்ட் கோட்டிங் போட்டு டெலிவரிக்குத் தயார் செய்தவன் நான்.

"செல்வம், நீயே வந்து பாரு. நான் இன்னாத்த சொல்றது" என்று வண்டியின் முன்பக்க பானட்டைக் காட்டினார்.

பானட் முழுக்கப் புள்ளி. மிளகு அளவில், கொத்தமல்லி விதை அளவில், வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். ஈரத்துணியால் தேய்த்தேன். போகவில்லை. ஷாம்பு போட்டுத் தேய்த்தேன். ஊஹூம்.

"மூணு வருஷத்துக்கு ஒண்ணியும் ஆவாதுன்னு சொல்லித்தானபா கோட்டிங்கு போட்டீங்கோ? ரெண்டு வாரத்துல எம் பொண்ணுக்குக் கண்ணாலம். இந்த வண்டிலதான் கோயிலுக்கு இட்டுனு போவணும்னு எடுத்தது. இப்போ அம்மை போட்ட மாதிரி கீது. பேஜாராப்போச்சு நைனா."

புள்ளி எதனால் வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. "கம்பெனிக்கு எழுதிப் போடலாம்ணே, ஆள் வந்து பார்ப்பாங்க" என்று மழுப்பி அனுப்பினேன்.

2. அந்தக் கோட்டிங் என்பது என்ன

திருவொற்றியூர் ஹைரோடில் ஒரே ஷோரூமில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். முதலில் வாட்டர் வாஷ், பிறகு பாலிஷ், கடைசியில் கோட்டிங். கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் யாராவது ஓரமாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "புது வண்டி எடுக்கறேன், ஷோரூம்ல கோட்டிங் போடச் சொல்றாங்க, போடலாமா?" விற்ற கடையில் வேலை பார்த்தவன் என்பதால் என் பதில் கொஞ்சம் நீளம்.

புது வண்டியின் பெயிண்டுக்கு மேல் ஃபேக்டரியிலேயே கிளியர் கோட் என்று ஒரு அடுக்கு அடித்துத்தான் அனுப்புகிறார்கள். நாங்கள் தடவுவது அதற்கும் மேலே, கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. ஒழுங்காகப் போட்டால் அழுக்கு ஒட்டாது, தண்ணீர் உருண்டு ஓடும், கழுவ லேசாக இருக்கும், பளபளப்பு நிற்கும். அவ்வளவுதான். கல் தெறித்தால் தடுக்காது. சாவியால் கீறினால் தடுக்காது. "கவசம் சார்" என்று கவுண்டரில் சொல்வதெல்லாம் வாய் ஜாலம்.

எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு கதை உண்டு. அத்திப்பட்டு, வள்ளூர் அனல்மின் நிலையங்கள் பக்கமிருந்து காற்று அடித்தால் காலையில் வண்டி மேல் சாம்பல் படிந்திருக்கும். நம் ஆட்கள் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு காய்ந்த துணியை எடுத்து அதைப் பரபரவென்று துடைப்பார்கள். வண்டி மேல் அத்தனை பாசம்! சாம்பலோடு சேர்த்துத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். கோட்டிங் இருக்கிற தைரியத்தில் இன்னும் அழுத்தித் துடைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "உன் கோட்டிங்கு டுபாக்கூரு" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவப்பா என்றால் கோபம் வரும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய கோளாறு எங்கள் பக்கம்தான். வண்டியைக் கழுவி, க்ளே போட்டு ஒட்டியிருக்கும் துகளை எடுத்து, பாலிஷ் அடித்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பிறகு கோட்டிங் தடவ வேண்டும். தடவிய பிறகு இருபத்து நாலு மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் நிற்க வேண்டும். இந்தக் கடைசி வேலை மட்டும் எங்கள் ஷோரூமில் நடந்ததே கிடையாது. புது வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டிலிருந்து வண்டி வருவதே டெலிவரி அன்று காலையில்தான். ஒருத்தருக்கு ராகு காலத்துக்கு முன்னால் வேண்டும், ஒருத்தருக்கு ஜும்மா தொழுகை முடிந்ததும் வேண்டும், ஒருத்தருக்கு ஃபாதர் சொன்ன நேரத்துக்கு வேண்டும். எல்லா மதமும் சேர்ந்து என் கோட்டிங்குக்கு எதிராகத்தான் நேரம் குறித்தது.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வாரண்டி கார்டு. அதில் ஆறு கட்டம். ஆறாவது கட்டத்தில் "இருபத்து நாலு மணி நேரம் உலர வைக்கப்பட்டது" என்று இருக்கும். அன்றைக்குப் போகிற வண்டிகளின் கார்டுகளைக் காலை டீயோடு என் மேஜையில் வைப்பார்கள். டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஆறு கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்தையும் போட்டுவிடுவேன். வண்டி அப்போது கழுவக்கூடப் போயிருக்காது. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். ஒரு நாள்கூட உறுத்தியதில்லை என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

3. அந்தச் சனிக்கிழமை

லாரன்ஸ் அண்ணனின் வண்டிக்குக் கோட்டிங் தடவி முடித்தபோது மணி இரண்டு. நாலு மணிக்கு டெலிவரி. எங்கள் மேனேஜர் கோட்டிங் போடும் ஷெட்டின் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"செல்வம், ஃபேன் போட்டுக் காய வெச்சு அனுப்புப்பா. கஸ்டமர் குடும்பத்தோட வந்து உக்காந்துட்டார்."

"சார், நாளைக்கு வரைக்கும் தண்ணி படக்கூடாது சார்."

"யாரு தண்ணி ஊத்தப் போறா? புது வண்டிய இன்னிக்கே கழுவுவாங்களா?"

நாலு மணிக்கு அண்ணனிடம் சாவி கொடுத்தார்கள். எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டு அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "இங்கேர்ந்து நேரா கோயிலுக்குத்தான். அஞ்சு மணிக்கு ஃபாதர் வண்டிய மந்திரிக்கறார். தீர்த்தம் தெளிச்சாத்தான் வூட்டாண்டயே ஓட்டினு போவேன்."

மேனேஜர் சிரித்தார். "தாராளமா தெளிக்கச் சொல்லுங்க சார். கோட்டிங் போட்டாச்சு. எது பட்டாலும் வழுக்கிட்டு ஓடிடும்."

நான் பக்கத்தில் துணியோடு நின்றிருந்தேன். நாளைக்கு மந்திரியுங்கள் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை.

4. கம்பெனி ஆள்

கோட்டிங் கம்பெனியின் ஆள் வியாழக்கிழமை வந்தார். அதற்கு முன்னாலேயே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கார்டு பக்காவா இருக்கு. எல்லாம் ப்ரொசீஜர்படி பண்ணோம்னு சொல்லிட்டு நீ பாட்டுக்கு இரு" என்றார். அந்த வருஷம் எனக்கு சூப்பர்வைசர் பதவி தருவதாகப் பேச்சு இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். சரி சார் என்றேன்.

வந்தவர், லாரன்ஸ் அண்ணன் கொண்டுவந்து நிறுத்திய வண்டியை டார்ச் அடித்துப் பார்த்தார், போட்டோ எடுத்தார், கார்டைப் புரட்டினார்.

"இருபத்து நாலு மணி நேரம் காஞ்ச கோட்டிங்ல தண்ணி பட்டா இப்படி ஆகாது. ஏதோ கெமிக்கல் பட்டிருக்கு. வண்டிய எங்க சார் நிறுத்தறீங்க?"

"ராயபுரத்துல. வூட்டு வாசல்ல."

"அதான். தொழிற்சாலைப் புகை, சாம்பல், கடல் காத்து, இது மூணும் வாரண்டில வராது. பின்பக்கம் போட்டிருக்கு பாருங்க."

லாரன்ஸ் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டின் பின்பக்கத்தைப் படித்தார். நிமிர்ந்தார். "கடல் காத்து வராதுன்னா ராயபுரத்துக்காரனாண்ட இத இன்னாத்துக்கு வித்தீங்கோ?"

கம்பெனி ஆள் மெதுவாக, "இல்ல, நீங்களே எதையாவது ஊத்திட்டு மறந்திருக்கலாம்..." என்று இழுத்தார்.

"நான் பொய் சொல்றேன்றியா நைனா?" அண்ணன் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷம் வின்ச் ஓட்டனவன். ஒரு பெட்டி நசுங்குனாகூட, என் கைதான் சார்னு நானே மேல போய்ச் சொல்லிட்டு வருவேன். என்னப் பாத்து இந்த வார்த்த கேக்கறியே."

அதைக் கேட்ட பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தலையைக் குனிந்தபடியே சொல்லிவிட்டேன்.

"சார், அந்த ஆறாவது டிக்கு பொய். வண்டி ரெண்டு மணி நேரம்தான் காஞ்சுது. காலையில வண்டி கழுவறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டேன். அண்ணன் அன்னிக்கே மந்திரிக்கப் போறார்னு தெரிஞ்சும் சொல்லல. பானட்ல இருக்கறது தீர்த்தத் துளி. காயாத கோட்டிங்ல அப்படியே உக்காந்துடுச்சு."

மேனேஜரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"நாந்தான்பா நல்லா தெளிங்க ஃபாதர்னு சொன்னேன்" என்றார். "கோட்டிங்கு போட்டிருக்கு, இன்னும் தெளிங்கன்னு."

"தப்பு உங்களுது இல்லண்ணே."

"திங்கக்கெழமையே உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்ணே."

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. கம்பெனி ஆள், இது போட்டவர்களின் தவறு, ஷோரூம்தான் சரி செய்து தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

5. சாவி என் பாக்கெட்டில்

வெள்ளிக்கிழமை வண்டி கோட்டிங் ஷெட்டுக்குள் வந்தது. பழைய கோட்டிங்கை முழுக்க எடுத்தேன். பானட்டை மட்டும் தேய்க்கிற காம்பவுண்ட் பசை போட்டு மூன்று தடவை பாலிஷ் அடித்தேன். வைப்பர் ஓரம் இரண்டு புள்ளி மட்டும் அடி வரைக்கும் இறங்கியிருந்தது, அது வரவேயில்லை. மற்றதெல்லாம் போயிற்று. புதுசாகக் கோட்டிங் தடவி, ஷெட் விளக்கை அணைத்து, சாவியை என் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை வேறு வண்டிக்கு இடம் வேண்டும் என்று ஆள் மேல் ஆள் வந்தார்கள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் நகராது. வேணும்னா என்னையும் சேர்த்துத் தூக்கினு போங்க" என்றேன். நாற்பத்தெட்டு மணி நேரம் வண்டி அங்கேயே நின்றது.

சூப்பர்வைசர் பதவி வேறொருவருக்குப் போனது. எட்டு மாதம் என்னை வாட்டர் வாஷில் நிறுத்தினார்கள். பழைய வேலைதானே, செய்தேன். கோட்டிங்குக்குத் திரும்பிய பிறகு ஆறாவது கட்டத்தில் முன்கூட்டி டிக் போட்டதில்லை. "வண்டிய எடுத்துட்டுப் போங்க, சாமி கும்பிடுங்க, மாலை போடுங்க. ஒரு வாரம் கழிச்சு ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க, போட்டுத் தர்றேன்" என்று கஸ்டமரிடம் நேராகச் சொல்வேன். பாதிப் பேர் வரவே மாட்டார்கள். அவர்களின் வண்டி ஒன்றும் கெட்டுப் போகவில்லை. வாரம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே நம் ஊரில் பெயிண்ட் பிழைத்துக்கொள்ளும்.

ஆகையால் கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். டெலிவரி அன்றே போட்டுத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால், எத்தனை வருஷம் வாரண்டி என்று கேட்காதீர்கள், வண்டியை எத்தனை மணி நேரம் உள்ளே வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். கார்டின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள்.

6. கோயில் வாசல்

வண்டியை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வந்தபோதும் அண்ணன் என்னோடு சரியாகப் பேசவில்லை. பானட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். "வா" என்றார். அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் கடைசி வரிசையில் நின்றேன். கருநீல வண்டி வந்து நின்றது. பொண்ணு இறங்கியது. வெயிலில் பானட் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. ஃபாதர் தீர்த்தத்தோடு வாசலுக்கு வந்து பொண்ணு மாப்பிள்ளை மேல் தெளித்தார். அப்படியே வண்டிப் பக்கம் கையை ஓங்கினார்.

லாரன்ஸ் அண்ணன் கோட்டும் சூட்டுமாகப் பாய்ந்து வந்து பானட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஃபாதர், ஃபாதர்! வண்டி மேல வேணாம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஃபாதருக்கு ஒன்றும் புரியவில்லை. கையை ஓங்கியபடியே நின்றார். அண்ணன் தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தார். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"இன்னாபா செல்வம்! தெளிக்கலாமா?"

"தெளிக்கச் சொல்லுங்கண்ணே! நெஜமாவே காஞ்சிடுச்சு!"

விரித்த கையை இறக்கினார். பிறகு விலகி நின்றார். "நீங்க தெளிங்க ஃபாதர். ஆளு சொல்லிட்டான்."

ஃபாதர் தெளித்தார். துளிகள் பானட்டில் உருண்டு ஓடின. எல்லாரும் உள்ளே போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, பாக்கெட்டில் கொண்டுவந்திருந்த துணியை எடுத்து பானட்டை ஒற்றி எடுத்தேன். பின்னால் அண்ணன் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

"காஞ்சிடுச்சுன்னியே. அப்புறம் இன்னாத்துக்குத் தொடச்சினுகீற?"

"காஞ்சிடுச்சுண்ணே. ஆனா நம்ம ஊரு தண்ணி உப்பு. கோட்டிங் இருந்தாலும் தொடைக்கணும்."

"இத மொத நாளே சொல்லிருக்கலாம்ல" என்றார். என் கையிலிருந்த துணியை வாங்கி, வைப்பர் ஓரம் நான் விட்டுவிட்ட துளிகளை அவரே துடைத்துவிட்டு, தோளில் கையைப் போட்டு என்னை உள்ளே அழைத்துப் போனார்.