ஈஸ்டருக்குப் பிறகும் முடியாத விரதம்

சேசம்மாளுக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. அவள் வாய் தாராவியில் மூன்று சந்து தாண்டிக் கேட்கும். அப்பேர்ப்பட்டவளே நாற்பது நாள் ஏமாந்து போனாள்!

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியதும் அவள் புருஷன் ஜோசப்ராஜ் கறியை விட்டார். அது எல்லாரும் விடுவதுதான். பிறகு டீயை விட்டார், கேரம் ஆட்டத்தை விட்டார், கடைசியில் பேச்சையும் விட்டார். விடியுமுன்பே விழித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஜெபம் பண்ணுகிறார் என்று இவளாகவே நினைத்துக்கொண்டாள். "ஒனக்கென்னக்கா, சாமியாரையில்லா கட்டியிருக்க!" என்று கோயிலில் பெண்கள் சொல்ல, பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஈஸ்டர் அன்று மத்தியானம் தேங்காய் அரைத்து மட்டன் குழம்பு வைத்தாள். ஜோசப்ராஜ் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏங்க, தபசுதான் முடிஞ்சிட்டே. சாப்பிடுங்க."

"வேண்டாம் சேசு. எதுலயும் ருசியே தெரிய மாட்டேங்கு."

"எப்பயிருந்து?"

"கிறிஸ்மஸ்ல இருந்தே."

கிறிஸ்மஸா! தபசு தொடங்குவதற்கு எத்தனை நாள் முந்தி! எழுந்தாள், அணைத்திருந்த அடுப்பை மறுபடி அணைத்தாள், வாசல்வரை போய்த் திரும்பினாள். விரதமாம் விரதம்! கூடவே இருந்தவளுக்குக் கண் அவிந்தா போயிற்று?

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்த."

காலேஜில் படிக்கும் மகள் ரீனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மம்மி, இது டிப்ரஷனா இருக்கும். டாக்டர்ட்ட காட்டணும்."

"ஏளா, அப்பாவப் பைத்தியங்கியா?"

"பைத்தியம் இல்ல மம்மி. சுகர், பிரஷர் மாதிரி இதுவும் ஒரு சீக்கு. மருந்து உண்டு."

சேசம்மாள் மறுபடி வாசலுக்குப் போனாள். நிற்க முடியவில்லை. திரும்பி வந்து, கேட்கப் பயந்ததைக் கேட்டே விட்டாள்.

"செத்துரலாம்னு தோணுதா ஒங்களுக்கு?"

ரீனா அழுதுவிட்டாள். ஜோசப்ராஜ் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"வேலைக்குப் போகும்போது ஸ்டேஷன்ல தூணப் புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கேன், சேசு. டிரெயின் வந்து நின்ன பொறவுதான் கைய விடுவேன்."

சேசம்மாள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போவாண்டாம். ஆஸ்பத்திரி பக்கந்தான், டிரெயின் எதுக்கு? ரெண்டு பேரும் நடந்தே போவோம்."