தம்பி நின்ற மலைக்கும் ஒரு குளிர்த்தி

என் தம்பி கனடாவில் சமையல்காரனானது எங்கள் வீட்டில் யாருக்கும் அதிசயமில்லை. அவன் எரிமலையில் போய் அடுப்பு மூட்டப் போகிறான் என்றதுதான் அம்மாவின் தலையில் இடியாக விழுந்தது. அந்த நாட்டின் வடக்கே, வருசத்தில் பாதிக்கு மேல் பனி மூடிக் கிடக்கும் பகுதியில், ரோட்டே இல்லாத ஒரு மலை. கல்லையும் மண்ணையும் ஆராய்கிறவர்கள் அங்கே கூடாரமடித்துத் தங்குவார்களாம். அவர்களுக்குச் சமைக்க இவனையும் ஹெலிகொப்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

போவதற்கு முன் வீடியோவில் அழைத்துப் படம் காட்டினான். எங்களுக்குத் தெரிந்த மலை, எங்கள் ஊருக்கு மேற்கே தூரத்தில் நீலமாகத் தெரியும் குடும்பிமலை ஒன்றுதான். இது அப்படி இல்லை. கூரும் இல்லை, உச்சியும் இல்லை. கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல அகலமாகப் படுத்துக் கிடந்தது.

"மலையெண்டே தெரியாது அக்கா. மேல ஏறினா எங்கட வட்டை மாதிரி வெளியாக் கிடக்குமாம். நெல்லு விதைக்கலாம்," என்றான்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். "எரிமலைதான், ஆனா வெடிச்சுப் பல்லாயிரம் வருசமாம்," என்று பெருமை வேறு. நுணலும் தன் வாயால் கெடும்.

"இவ்வளவு காலம் வெடிக்காமக் கிடந்ததெண்டா, இனி வெடிக்கிற முறைதானே மனே?" என்று கேட்டார் அம்மா.



அங்கே போன பிறகு, ஞாயிறுதோறும் முகாமின் சற்றலைட் போனில் பேசினான். பிறகு ஒரு ஞாயிறு போன் வரவில்லை. திங்களும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. வேலைக்கு எடுத்தவர்களைக் கேட்டால், தங்களுக்கும் தொடர்பு இல்லை, பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அம்மா பாயை விட்டு எழும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேறெங்கோ நெருப்பாறு ஓடும் வீடியோவைக் கொண்டுவந்து காட்டி, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள். அவளை நன்றாக ஏசி அனுப்பினேன். பிறகு அறைக்குள் போய் அதே வீடியோவைத் தேடி நானும் பார்த்தேன்.

அது வைகாசி மாதம். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வருசத்தில் ஒரு தடவைதான் கதவு திறக்கும், சடங்கு நடந்துகொண்டிருந்தது. கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சூட்டைத் தண்ணீராலும் பாட்டாலும் ஆற்றுகிற நாள். பாயில் கிடந்த அம்மா அன்றைக்கு எழும்பி, குடத்தைத் தூக்கிக்கொண்டு, நேரே பூசை செய்யும் கப்புகனாரிடம் போனார்.

"என்ட மகன் நிக்கிற மலையையும் சேர்த்துக் குளுத்திவிடுங்க."

"எந்த மலை?"

"கனடாவில, வடக்குப் பக்கம். நெருப்பு மலை."

மனிதர் சிரிக்கவில்லை. மலையின் பெயரைக் கேட்டார். நான் சொன்ன ஆங்கிலப் பெயரைச் சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. "கண்ணகி அம்மாளுக்குத் தெரியும். வடக்கு மலையெண்டு சொல்லுவம்," என்றார்.

படித்தவள் என்று ஊரில் பெயரெடுத்த நானும் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தேன். மலை ஆறவேண்டும், தம்பி உயிரோடு வரவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் இரவு போன் அடித்தது. அவன்தான். குரலைக் கேட்டதும் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"பனிப்புயல் அக்கா. ஹெலி வரேலாமப் போச்சு. போனுக்கு வெயில்லதான் சார்ஜ் ஏறும், வெயிலே இல்ல. படுக்கிற கூடாரமெல்லாம் பனிப் பாரத்தில விழுந்துட்டு. எல்லாரும் என்ட குசினிக் கூடாரத்துக்குள்ளதான் கிடந்தம். அடுப்பு இல்லாட்டி விறைச்சுச் செத்திருப்பம். இப்ப கீழ டவுனுக்குக் கொண்டந்திட்டாங்க. நேத்துத்தான் ஆகக் குளிர்."

நேற்று! மெதுவாகக் குளிர்த்தி விசயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கத் தொடங்கினான். நானும் சிரித்தேன், கண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

"அடுத்த முறை தண்ணியக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு. விறைச்ச கதை அம்மாக்கு வேணாம் அக்கா," என்றான்.

அதற்குள் அம்மா போனைப் பறித்துவிட்டார்.

"மலை எப்பிடி மனே இரிக்கு?"

"முழுக்க வெள்ளையாப் பனி மூடிட்டு அம்மா. நெருப்பெண்ட பேச்சே இல்ல."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், உலகத்துப் பல்கலைக்கழகம் எல்லாம் தோற்றுப்போனது. பனி கரைந்ததும் திரும்ப ஏறவேண்டும் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"போ மனே. இனி என்ன பயம்?" என்றார் அம்மா.

அவன் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளில், விமான நிலையத்தில்கூட, அம்மா அவனைப் பார்த்து 'போ' என்ற சொல்லைச் சொன்னதில்லை. எனக்கு இனிமேல்தான் பயம், நெருப்புக்கு இல்லை, குளிருக்கு. ஆனால் விறைத்த கதையை அம்மாவுக்குச் சொல்லவில்லை.