குடையளவு வலை

"தண்ணிக்குள்ள எறங்கிப் புடிக்கறதுன்னா சின்ன வலை எடுங்க. பெருசு தண்ணிய வாங்கி ஆளையே இழுக்கும்" என்றார் குன்னூர் கடைக்காரர். அதுவரை நான் பிடித்த எந்த மீனும் என் உள்ளங்கையைத் தாண்டியதில்லை. இருந்தாலும் வரப்போகிற பெரிய மீனுக்கு மரியாதை வேண்டாமா? தூண்டிலில் மாட்டுகிற மீனை அள்ள, குடையளவு வாயுள்ள மடக்குக் கைவலையை வாங்கினேன்.

ஆபத்தில் இழுத்தால் கழன்றுகொள்ள அதில் ஒரு கொக்கி இருந்தது. வலை தொலைந்துவிடுமே என்று கொக்கியை எடுத்துவிட்டு, கொழுந்துப் பையைக் கட்டுகிற தேயிலை எஸ்டேட் வழக்கப்படி வலைக் கயிற்றை இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க மாப்ள, மீன் புடிக்கவா, கொழுந்து கிள்ளவா?" என்று கூட வந்த மனைவியின் அண்ணன் கேலி செய்தார்.

ஆற்றின் நடுவில் வலை விரிந்து, தண்ணீர் நிறைந்து, என்னைச் சாய்த்து இழுத்தது. முடிச்சு அவிழவில்லை. மச்சான் பாய்ந்து வந்து கத்தியால் கயிற்றை அறுத்தார். அதற்குள் அவர் கால் பாறையிடுக்கில் சிக்கி முட்டி திரும்பிவிட்டது.

மூன்று மாதமாகிறது. நின்றபடியே செய்யவேண்டிய ஃபேக்டரி வேலைக்கு அவர் இன்னும் போகவில்லை. போக முடியுமா என்று டாக்டரும் சொல்லவில்லை. "எம்பது கிலோ மீனுங்க, நானே புடிச்சேன்" என்று என்னைக் காட்டி எல்லோரிடமும் சிரிக்கிறார். நானும் சிரித்துவைக்கிறேன். அவர் படியேறத் தொடங்கும்போது மட்டும், ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுகிறேன்.