நிறுத்தச் சொன்ன பிறகு

கரையோரக் குருநகரைச் சேர்ந்த ஒரு மனிதரின் இடது காதை நான் வேண்டுமென்றே அடித்துக் கெடுத்தேன். கை தவறிவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னேன். அது பொய். பயிற்சியை நிறுத்தும்படி ஆசிரியர் குரல் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் கைகளைக் கீழே விட்டுவிட்டு எனக்கு வணக்கம் செலுத்தக் குனியத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் அடித்தேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் என் பெரியப்பாவின் மகன் கொழும்பில் அடிபட்டு, உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினான். அவனைப் பார்த்த நாளிலிருந்து, என்னை ஒருவன் அடிக்க வந்தால் நான் என்ன செய்வேன் என்ற கேள்வி என்னை விடவில்லை. எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. உடுவிலில் வீடு, பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர். அதே கலவரத்தில் கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவர், கறுப்புப் பட்டி எடுத்தவர், குருநகரில் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் கராத்தே வகுப்புத் தொடங்கியிருந்தார். புதனும் சனியும் பின்னேரம் நாலரைக்கு வகுப்பு. சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே வயதுக்கும் படிப்புக்கும் இடமில்லை. பட்டியின் நிறப்படிதான் வரிசை. மேலே நிற்பவருக்குக் கீழே நிற்பவர் முதலில் குனிந்து வணக்கம் செலுத்த வேண்டும். அவரை அண்ணை என்று அழைக்கவும் வேண்டும். எனக்கு மேலே, எனக்குச் சோடியாக வாய்த்தவர்தான் அந்த மனிதர்; சங்குக்கும் கடலட்டைக்கும் மூச்சடக்கிக் கடலில் இறங்குகிறவர். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். எனக்கு ஆறு மாதம் முன்பு சேர்ந்தவர். பச்சைப் பட்டி கட்டியிருந்தார். நாங்கள் எல்லோரும் நாய்போல் இளைக்கும்போது, அவர் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெதுவாக மூச்சு விட்டபடி நிற்பார்.

நான் காணியும் தோட்டமும் உள்ள மேல்சாதிக் குடும்பத்தவன். எங்கள் வீட்டு வாசற்படலைக்குள் அவருடைய ஆட்கள் மீன் கொண்டு வந்தால் முற்றத்தோடு நின்று கொடுத்துவிட்டுப் போவார்கள். சாதி பார்ப்பதில்லை என்று பாடசாலையில் பேசியிருக்கிறேன், பேசும்போது நம்பியுமிருக்கிறேன். ஆனால் வகுப்பில் அவருக்குக் குனியும் ஒவ்வொரு முறையும் என் கழுத்து இறுகியது. அண்ணை என்று ஒருநாளும் அழைக்கவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. "இஞ்சை", "அப்ப சரி" என்று சமாளித்தேன். அவர் என்னை மாஸ்டர் என்றே அழைத்தார்.

சோடிப் பயிற்சிக்கு ஒரே ஒரு விதி இருந்தது. அடி முகத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்க வேண்டும். முழு வேகத்தில் வந்து, தொடாமல் நிற்க வேண்டும். அடிப்பதைவிட அது கடினம். "ஒருதனை அடிக்க இஞ்சை வரத் தேவையில்லை, கள்ளுத் தவறணைக்குப் போனாலே பழகலாம். நிப்பாட்டத்தான் இஞ்சை வாறது" என்று ஆசிரியர் சொல்வார். ஆறேழு மாதத்தில் என் கையும் அந்த ஒரு விரல் தூரத்தைக் கற்றுக்கொண்டது. தவறுகிற கை அல்ல அது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எண்பத்தைந்தில் ஒரு சனிக்கிழமை காலை, உடுவிலில் முடி வெட்டக் காத்திருந்தேன். தோட்டக் காணி வைத்திருக்கும் அயலவர் ஒருவர் பத்திரிகையை மடித்துவிட்டுக் கேட்டார்.

"என்ன மாஸ்டர், கரையிலை போய்க் கும்பிடு போட்டுப் பழகிறீராம்?"

"அது கராத்தே முறை" என்றேன்.

"ஓம் ஓம். முறைதான். இனி மீன் வாங்கேக்கையும் முதல் கும்பிட்டிட்டுத்தான் விலை கேப்பீரோ?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கத்தரிக்கோலைப் பிடித்திருந்தவர்கூடச் சிரிப்பை அடக்க முடியாமல் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தினார். நானும் சிரித்தேன்.

அன்று பின்னேரம் திறந்த உள்ளங்கையால் அடிப்பதும் தடுப்பதும் பயிற்சி. பன்னிரண்டு சோடி. மண்டபம் முழுவதும் ஆசிரியரின் எண்ணிக்கைச் சத்தம். நான் கையைத் திறந்து கொண்டுவந்த விதத்தைப் பார்த்து என் சோடிக்காரர் சிரித்தார்.

"மாஸ்டர், அடிக்க வாறியளோ, புத்தகம் விரிக்க வாறியளோ?"

பக்கத்துச் சோடிகள் சிரித்தன. அது கெட்ட பகிடி அல்ல. என் கை உண்மையிலேயே அப்படித்தான் வந்தது. ஆனால் எனக்குக் காலையில் கேட்ட சிரிப்பும் அதுவும் ஒன்றாகிவிட்டன. ஆசிரியர் நிறுத்தச் சொன்னார். என் சோடிக்காரரின் கைகள் இறங்கின. தலை குனிய வந்தது. குழித்த உள்ளங்கையால் இடது காதில் அறைந்தேன்.

நான் விஞ்ஞான ஆசிரியர். காதின் படத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைகிறவன். வெளிக்காது, செவிப்பறை, மூன்று சிறிய எலும்புகள். குழித்த கை காற்றை உள்ளே அடித்தால் செவிப்பறைக்கு என்ன ஆகும் என்று அந்த மண்டபத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எவருமில்லை.

அவர் விழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, ஒரு பக்கமாக இரண்டு அடி நடந்து, சுவரைப் பிடித்தார். விரலிடையில் ஒரு கோடு இரத்தம். ஆசிரியர் ஓடி வந்தார். நான் அடித்த விதத்தை வேறு யாரும் பார்த்திருக்கவில்லை; தெரிந்தவர் அடி வாங்கியவர் ஒருவர்தான்.

"என்ன நடந்தது?"

"இவர் தடுக்கப் பிந்திட்டார். என்ரை கையும் தவறிட்டுது" என்றேன். அவ்வளவு விரைவாக அந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

சோடிக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த வைத்தியரைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். செவிப்பறையில் பெரிய கிழிவு, தானாக மூடுமென்று சொல்ல முடியாது, காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது, மூச்சடக்கிச் சுழியோடவே கூடாது என்றார் வைத்தியர். வெளியே அடிபட்டவரின் மனைவியும் சகோதரர்களும் அயலவர்களும் நின்றார்கள். அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் அதே வாக்கியத்தை இரண்டாம் முறையும் சொன்னேன். அவர் தடுக்கப் பிந்திவிட்டார்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து, "கையைத் தூக்கத் தெரியாத உமக்கு என்ன கராத்தே?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையெடுத்தாள். "மாஸ்டர், நீங்கள் இல்லாட்டி இந்தப் பெரிய டொக்டரை எங்களுக்கு ஆர் காட்டுவினம்?"

அடுத்த சனிக்கிழமை எங்கள் படலையில் ஒரு பனையோலை உமல். உள்ளே நண்டு. அவளே கொடுத்தனுப்பியது. வெள்ளிக்கிழமை நாங்கள் மரக்கறி மட்டும்தான் என்று அறிந்து சனிக்கிழமை அனுப்பியிருந்தாள். பிறகு மாதத்தில் இரண்டு முறையாவது உமல் வந்தது. இறால், ஓரா மீன், சில வேளை கணவாய். அவர் இப்போது முழங்காலளவுத் தண்ணீரில் வலை போடுகிறார் என்று கொண்டுவந்தவர் சொன்னார். என் மனைவி நன்றாகச் சமைப்பாள். நான் சாப்பிட்டேன்.

வகுப்புக்கு அதன் பிறகு போகவில்லை. பாடசாலையில் வேலை கூடிவிட்டது என்றேன். மனத்துக்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். கடற்படை அப்போது கடலைப் பூட்டியிருந்தது. எவருமே ஆழக்கடலுக்குப் போக முடியாது. காது நன்றாக இருந்தாலும் அவர் கரையில்தானே இருந்திருப்பார்? இந்தக் கணக்கு எனக்கு மூன்று ஆண்டு உதவியது.

எண்பத்தெட்டில், இந்திய இராணுவம் இருந்த காலத்தில், கடலுக்குப் போக ஓரளவு வழி பிறந்தது. சுழியோடுகிறவர்கள் மறுபடி இறங்கினார்கள். உமல் கொண்டுவந்தவர் முற்றத்தில் நின்று சொன்னார்.

"அவரும் போனவர், மாஸ்டர். சொல்லச் சொல்லக் கேக்காமல். காதுக்குள்ளை பஞ்சும் மெழுகும் வைச்சுக்கொண்டு இறங்கினார். நாலு பாகம் ஆழத்திலை தண்ணி உள்ளை போட்டுது. தலை சுத்தி, மேல் எது கீழ் எது எண்டு தெரியாமல் கடலடியைப் பாத்து நீந்தியிருக்கிறார். தம்பிமார்தான் இழுத்து எடுத்தவை."

அன்று உமலை வாங்கி உள்ளே கொடுத்தேன். சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகும் உண்மையைச் சொல்ல நான் அவரிடம் போகவில்லை. இன்னும் ஒரு ஆண்டு எடுத்தது.

அந்த ஆண்டுகளில் தற்காப்பு என்ற சொல்லைப் பற்றி நிறைய யோசித்தேன். பாடசாலைக்குப் போகும் வழியில் இராணுவம் மறித்தால் இறங்கிக் கையை உயர்த்தினேன். எறிகணைச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை மேசைக்குக் கீழே தள்ளினேன். ஒருமுறை காவலரணில் ஒரு சிப்பாய் என் கன்னத்தில் தட்டினான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் மேல் வந்த எதையும் நான் பழகிய கையால் தடுக்கவில்லை. தடுத்திருக்கவும் முடியாது. என் வாழ்நாளில் நான் கைநீட்டி அடித்தது ஒரே ஒருவரை. அவர் எனக்கு வணக்கம் செலுத்தக் குனிந்தவர்.

எண்பத்தொன்பதில் ஒரு காலை, தோட்டத்து வெங்காயப் பிடி இரண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குருநகருக்குப் போனேன். அவர் வீட்டுக்கு முன்னால் வலையின் ஓட்டைகளைப் பொத்திக்கொண்டிருந்தார். உள்ளே மனைவியின் குரல் கேட்டது: "அண்டைக்கு அந்தக் கையைக் கொஞ்சம் வெள்ளெனத் தூக்கியிருந்தால் இண்டைக்கு உந்த ஓட்டைக்கு நூல் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை." சண்டைக் குரல் இல்லை அது; நாள்தோறும் சொல்லிப் பழகிய குரல். அவர் நிமிரவில்லை.

பக்கத்தில் குந்தியிருந்து, இரவெல்லாம் யோசித்து வைத்ததைச் சொன்னேன். நிறுத்தச் சொன்ன பிறகுதான் அடித்தேன், தெரிந்தே அடித்தேன் என்று. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"மாஸ்டர், உந்தப் பக்கம் இருந்து சொன்னால் எனக்கு ஒண்டும் விளங்காது. இஞ்சாலை வாங்கோ."

எழும்பி அவருடைய வலப்பக்கம் போய் மறுபடியும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது மிகவும் கடினமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் ஆர் நம்பியிருப்பினம்? படிப்பிக்கிற மாஸ்டர் குனிஞ்சவனை அடிச்சவர் எண்டோ? எனக்கே நம்பக் கஷ்டமாய்த்தான் கிடந்தது." வலையின் அடுத்த கண்ணை இழுத்துப் பார்த்தார். "என்னட்டைச் சொல்லி என்ன? உள்ளை இருக்கிறாள். அவளிட்டைச் சொல்லுங்கோ."

வாசலில் நின்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். நான் முடித்ததும் கேட்டாள்:

"நாலு வருஷமா எங்கடை மீனைத் திண்டனீங்களே?"

"ஓம்."

"ருசியாய் இருந்ததோ?"

 அவள் வெளியே வந்து கணவரின் முன்னால் நின்றாள். "இஞ்சேருங்கோ, நான் நெடுக ஏசேக்கை வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்றாள். அப்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. அவர் வலையைக் கீழே வைத்தார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்டைக்குப் பொய்யை ஆஸ்பத்திரி வாசலிலை அத்தினை பேருக்கு முன்னாலை சொன்னியள். இப்ப உண்மையை வீட்டு வாசலிலை மெல்லமாய்ச் சொல்லிப்போட்டுப் போகப் பாக்கிறியளோ?"

அவள் சொன்னது நியாயம். கரைக்கு நடந்தேன். சுழியோடிவிட்டு வந்தவர்கள் தலை ஈரத்தோடு கடலட்டை அவிக்கும் பெரிய தாச்சியைச் சுற்றி நின்றார்கள். அவருடைய சகோதரர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சொன்னேன். கடைசித் தம்பி கையில் இருந்த அகப்பையோடு என்னை நோக்கி வந்தான். என் இரண்டு கைகளும் தாமாக எழும்பி, பழகிய தடுப்பில் நின்றன. அதைப் பார்த்து எனக்கே வெட்கம் வந்தது. கீழே விட்டேன். அவன் ஒரு கைக்கெட்டிய தூரத்தில் நின்றான். அகப்பையிலிருந்து கொதிநீர் மணலில் சொட்டியது. மூத்தவர் ஒருவர், "விடடா. மாஸ்டர், சொல்லிப்போட்டியள்தானே, போங்கோ" என்றார்.

கரையிலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வெங்காயம் சைக்கிளில் வைத்தபடியே இருந்தது. இறக்குவதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. அவர் ஒழுங்கை முடியும் வரை என்னோடு நடந்து வந்தார்.

"இனி இஞ்சை வராதேங்கோ, மாஸ்டர். கோவத்திலை சொல்லேல்லை. உங்களைக் கண்டால் அவளுக்கு ஏசின ஏச்செல்லாம் ஞாபகம் வரும்."

"சரி அண்ணை" என்றேன். அவருக்கு அது கேட்டதோ தெரியாது. நான் அவருடைய எந்தப் பக்கம் நடந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

உமல் வருவது நின்றது. ஏன் என்று என் மனைவி கேட்டபோது அவளுக்கும் சொன்னேன். "நடந்தது நடந்துபோச்சு. உதை ஏனப்பா போய் அவைக்குச் சொன்னனீங்கள்?" என்றாள். முடி வெட்டும் கடையில் கதை எப்படியோ பரவி, அங்கேயும் இதைத்தான் கேட்டார்கள். ஏன் அடித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு கோட்டைச் சண்டையில் குருநகர் சனம் இடம்பெயர்ந்தது. தொண்ணூற்றைந்தில் நாங்கள் எல்லோருமே ஊரை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் மழைக்குள் நடந்தோம். அந்தச் சனத்துக்குள் அவரைத் தேடினேன். காணவில்லை. பிறகு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வரவேண்டாம் என்று சொன்னவரை விசாரித்துத் திரியவும் மனம் வரவில்லை.

இப்போது யாரோடு கதைக்க நின்றாலும் நான் அவர்களுடைய வலப்பக்கத்துக்குப் போய்விடுகிறேன். ஏன் இப்படிச் சுற்றி வருகிறீர்கள் என்று மகள் கேட்டாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.